தகரத்தின் வெளிப்பக்கம்

எட்டு அடி என்றால் எவ்வளவு என்று ஒரு தையல்காரிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நகராட்சியின் கடிதம் கைக்கு வந்த அன்றே அக்கா அளவுநாடாவை எடுத்தாள். வாசற்படியில் ஆரம்பித்து உள்ளே எட்டு அடி அளந்து, முன்னறைத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். துணியில் போடுவாளே, அதே நேர்க்கோடு. கோட்டுக்கு வாசல் பக்கம் தையல் மெஷின், வீட்டின் ஒரே ஜன்னல், ஜன்னலை ஒட்டி அத்தான் படுக்கும் கட்டில். இந்தப் பக்கம் மிஞ்சியது ஒரு ஸ்டூலும் சுவர்க் கடிகாரமும்.

கடிதத்தில் என்ன இருந்தது என்று போன வாரமே பார்த்துவிட்டீர்கள். அக்கா அதை ஒரு நாளைக்கு நாலு தடவை படிக்கிறபோது நாம் இன்னொரு தடவை படித்தால் ஒன்றும் குறைந்துவிடாது. சந்தின் கடைசியில் இருக்கிற காலி இடத்தில் மருந்துகளுக்கான குளிர்பதனக் கிடங்கு. அதற்கு லாரி வந்து போக வழி. அந்த வழிக்காக, சந்தின் இடப்பக்க வீடுகளில் முன்னால் எட்டு அடி. முப்பது நாள் சந்தில் அறிவிப்பு ஒட்டியும் ஆட்சேபணை எதுவும் வராததால் திட்டம் ஏற்கப்படுகிறது. பதினெட்டாம் தேதி காலை பதினோரு மணிக்கு மன்றம் கூடி உறுதி செய்யும். அப்படி ஒரு அறிவிப்பைச் சந்தில் ஒருவர்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

இன்றைக்குத்தான் பதினெட்டு.

மன்றம் "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அப்புறம் கோர்ட்டு, வக்கீல் என்று ஆயுசுக்கும் அலைய வேண்டியதுதான். சொல்வதற்கு முன்னால் கோப்பில் ஒரு ஓட்டையைக் காட்டிவிட்டால், கோப்பு திரும்ப முதலிலிருந்து வரும். சந்துக்காரர்கள் வாய் திறந்து பேசலாம்.

"யாரு செஞ்சிருந்தாலும் சரி, அந்த ஆளை நான் விடமாட்டேன்க்கா" என்று போன வாரம் சின்னவள் சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னாளே, அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சின்னவள் என்றால் தங்கை. அதே நகராட்சியில் நகரமைப்புப் பிரிவில் வரைவாளர். அப்பா போன பிறகு அக்கா இரவல் மெஷினில் ஆரம்பித்து, சொந்த மெஷினில் தொடர்ந்து, மிதித்து மிதித்துப் படிக்க வைத்த படிப்பு அது. சந்துக்காரர்களுக்கு அவள் மேல் பெரிய நம்பிக்கை. ஆபீஸில் நம்ம ஆள் இருக்கிறாள் என்று சொல்லிச் சொல்லியே அவர்கள் ஒரு வாரத்தை ஓட்டிவிட்டார்கள்.

காலை பத்து மணிக்கு லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு சின்னவள் வந்து சேர்ந்தாள். தொற்றுக் காலத்தில் அலுவலகத்துக்குப் பாதிப் பேர்தான். இன்று அவளுக்கு வீட்டிலிருந்து வேலை முறை. கூட்டமும் வீடியோவில்தான். வரைபடங்களைத் திரையில் காட்டுவதும், பிரிவின் சார்பில் கேட்டதற்குப் பதில் சொல்வதும் அவள் பொறுப்பு. வெளியாட்கள் பேச அனுமதி இல்லை. ஆனால் வரைவாளரின் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்து, நடுவில் இரண்டு வார்த்தை பேசிவிட்டால் யார் என்ன செய்துவிட முடியும்? அதுதான் திட்டம். அக்கா அந்த இரண்டு வார்த்தையை ஒரு தாளில் எழுதி, இரண்டு பக்கத்துக்கு நீட்டி வைத்திருந்தாள்.

அத்தான் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இருபது வருஷம் பஸ் ஓட்டியவர். இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியதிலிருந்து மூச்சுதான் அவருக்கு முழுநேர வேலை. காற்றோட்டமாக ஜன்னலோரம் வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பின்னறையில் அடுப்புப் புகை, ஜன்னல் கிடையாது.

"எட்டடிதானே... ரிவர்ஸ் எடுத்து... கட்டிலைப் பின்னாடி போட்டுக்கறேன்" என்றார். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது. சின்னவள் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

"முதல்ல போய்க் குளிச்சுட்டு வா. வெளியில இருந்து வந்தவ அவர் பக்கத்துல நிக்காதே" என்றாள்.

அந்த வருஷம் எல்லா வீட்டிலும் இதே சட்டம். சின்னவள் துண்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கக் குளியலறைக்குப் போனாள். பழைய கூரை ஓடு நொறுங்கிப் போய், அத்தான் நோயில் விழுவதற்கு ஒரு வாரம் முன்னால், புதிதாக ஒரு தகரம் போட்டிருந்தார். தொற்றுக்காகச் சந்துக்குச் சீல் வைத்தபோது அதன் வாயை அடைத்திருந்த தகரங்களில் ஒன்று. சீல் எடுத்த அன்று வேலையாட்கள் தகரங்களை அப்படியே போட்டுவிட்டுப் போக, ஆளுக்கொன்று தூக்கிக்கொண்டார்கள். இந்தக் குளியலறையில் சின்னவள் குளிப்பது இதுதான் முதல் தடவை.

ஒரு சொம்பு தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டு, முகத்தை வழித்துக்கொண்டு மேலே பார்த்தாள். தகரத்தில் சிவப்புப் பெயிண்டால் பெரிய எழுத்து: "உள்ளே நு". அப்புறம் ஒரு வெள்ளைத் தாள். தாளுக்கு அப்பால் "தீர்". சுகாதாரப் பிரிவுக்காரர்கள் வெளியாட்களுக்காக எழுதியது. எழுத்தின் நடுவிலே ஒட்டியிருந்த அந்தத் தாள்தான் அவள் கண்ணை இழுத்தது. தலைகீழாக இருந்தது. ஈரத்தில் நைந்து ஓரமெல்லாம் பழுப்பு. வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறிக் கழுத்தைத் திருப்பிப் படித்தாள்.

நகரமைப்புப் பிரிவு. பொது அறிவிப்பு. பெயரிடப்படாத வழி. அதற்குக் கீழே ஏதோ ஒரு புல எண், தேதி, முத்திரை. முத்திரைக்குப் பக்கத்தில் நீல மையில் ஒரு சுருக்கொப்பம்.

அது அவளுடைய ஒப்பம்.

ஊர் வாயில் இந்தச் சந்துக்குத் தையல்கார சந்து என்று பெயர். அலுவலக ஏட்டில் பெயரே கிடையாது. அந்த மாதிரிப் பெயரில்லாத வழிகள் ஏட்டில் நாற்பது இருக்கின்றன. ஒரே நாளில் பத்தொன்பது அறிவிப்புகளை வரிசையாக வைத்து ஒப்பம் போட்டவளுக்கு, அதில் ஒன்று தான் வளர்ந்த வாசல் என்று எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். வாளி மேல் நின்றுகொண்டு அவளும் அதைத்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல், போனில் அந்தத் தாளைப் படம் எடுத்துவிட்டு, கொல்லையில் நின்றே பசை அண்ணனுக்குப் போன் போட்டாள். நகராட்சி அறிவிப்புகளை ஊரெல்லாம் ஒட்டுகிற தினக்கூலி ஆள். வாளியும் தென்னைமட்டை பிரஷுமாகவே எல்லோரும் அவரைப் பார்த்துப் பழக்கம். அந்தப் பெயரில்லாத வழி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. காவலுக்கு நின்றவன் உள்ளே விடவில்லையாம். தகரத்துக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டு அரைமணி நேரம் யோசித்தாராம். அப்புறம் அவளுக்கே போன் செய்தாராம்.

"எனக்கா?"

"உங்களுக்குத்தாம்மா. நீங்கதானே சொன்னீங்க, உள்ளே விடலைன்னா தகரத்து மேலயே ஒட்டிட்டு, எழுத்து தெரியற மாதிரி கிட்டத்துல போட்டோ எடுத்து அனுப்புங்கன்னு. நல்லா கெட்டியாத்தான் ஒட்டினேன். மாவு காய்ச்சின பசை, மழைக்குக்கூட அசையாது. வெந்நீர் ஊத்தினாத்தான் வரும். ஏம்மா, ஏதாவது தப்பா போச்சா?"

ஒன்றும் இல்லை என்றாள். என் பேரை எங்கேயும் இழுத்துவிடாதீங்கம்மா என்று அவர் கெஞ்சினார். இழுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அந்தப் போன் இப்போது அவளுக்கும் ஞாபகம் வந்தது. ஒரு கையில் இன்னொரு கோப்பு, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். முப்பத்துநாலு நாள் சீல். இரண்டாம் நாளே அறிவிப்பு, அதுவும் வெளிப்பக்கம். உள்ளே அடைபட்டுக் கிடந்தவர்கள் தகரத்தின் வெறும் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீல் எடுப்பதற்கு இரண்டு நாள் முன்னாலேயே ஆட்சேபணைக் காலம் முடிந்துவிட்டது. அதன் பிறகு அவளே ஒரு சான்று எழுதிக் கொடுத்தாள்: நேரில் சென்று பார்த்தேன், அறிவிப்பு வழியினுள் முப்பது நாள் இருந்தது. எந்த நேரில், எந்தக் கண்ணால் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள்.

யாரு செஞ்சிருந்தாலும் விடமாட்டேன் என்றாளே, அந்த ஆள் இவள்தான்.

அடுத்த போன் பென்சிலுக்கு. பிரிவின் தலைமை அதிகாரிக்கு அலுவலகத்தில் அதுதான் பெயர். தன் குறிப்பு எதையும் பென்சிலில்தான் எழுதுவார். மை எப்போதும் கீழே இருப்பவர்களுடையது. ஒரு வாரமாக இந்தக் கோப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அலமாரிச் சாவி தனிமைப்படுத்தலில் இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். இன்று தகரத்தைப் பற்றிச் சொன்னதும் சாவியைப் பற்றி அவர் பேசவில்லை.

"உனக்கு நல்லதுக்குத்தான் கோப்பை மறைச்சு வச்சிருந்தேன்" என்றார். "சொன்னா உன் வேலை போகும். பொய்ச் சான்று, அதுவும் சொந்த அக்கா வீட்டு விஷயத்துல. சொல்லலைன்னா எட்டடி போகும், அவ்வளவுதான். நோய் நேரத்துல மருந்துக் கிடங்கை நிறுத்தினவன்னு பேரு வேற வரும். யோசிச்சுக்கோ."

கிடங்கு வேண்டும் என்பதில் அவளுக்கும் சந்தேகம் இல்லை. அத்தானுக்கு ஒரு மருந்துக்காக ஊர் ஊராகப் போன் போட்டவள் அவள்தானே. ஆனால் அந்தக் காலி இடத்துக்குப் பின்பக்கம் பெரிய சாலை ஒன்று போகிறது. அங்கிருந்து லாரிக்கு வழி விடலாம் என்று சந்துக்காரர் யாராவது ஒருத்தர் ஆட்சேபணையில் எழுதியிருந்தால் போதும். அந்த ஒரு வரியை எழுதத்தான் யாருக்கும் வாய்க்கவில்லை.

சமையலறை வாசலில் அக்கா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"கேட்டேன்" என்றாள் அக்கா.

சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள். பூசி மெழுகாமல், ஒப்பத்திலிருந்து சான்று வரைக்கும் சொன்னாள். அக்கா குளியலறைக்குள் போய், அதே வாளியின் மேல் ஏறி நின்று, தலையைச் சாய்த்துப் படித்தாள். துணிக்கடை ரசீதிலிருந்து மாத்திரை அட்டை வரைக்கும் எதையும் படிக்காமல் விடாதவள், இந்தத் தாளை மட்டும் இத்தனை நாளும் படிக்கவில்லை.

"நோய் நோட்டீஸ்னு நினைச்சேன்" என்றாள் இறங்கி வந்து. "அப்போ ஒட்டினதெல்லாம் நோய் நோட்டீஸ்தானே. நாலு மாசமா இதுக்குக் கீழே நின்னுதான் குளிச்சிருக்கேன்."

"அக்கா, என்னைத் திட்டிடு."

"திட்டினா அறை திரும்பி வருமா?"

"கூட்டத்துல சொல்லிடறேன்க்கா. நான் போய்ப் பார்க்கலை, பொய்யா எழுதினேன்னு சொல்லிடறேன்."

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "சொன்னா உன்னை வேலையில வச்சிருப்பாங்களா?"

வேலைக்குச் சேர்ந்த அன்று சின்னவள் தன் பெயர் போட்ட அடையாள அட்டையைக் கொண்டுவந்து காட்டியபோது, அக்கா அதன் கயிறு மட்டமாக இருக்கிறது என்று பிரித்துவிட்டு நல்ல நாடாவில் தைத்துக் கொடுத்தாள். அதே நாடா இப்போதும் கழுத்தில் கிடந்தது.

"பதினோரு மணி ஆகப்போகுது. போய் மெஷினை ஆன் பண்ணு" என்று லேப்டாப்பைக் காட்டினாள் அக்கா. அவள் பக்கத்தில் வந்து உட்காரப் போவதில்லை என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. அந்த இரண்டு பக்கத் தாளை மடித்து அடுப்புத் திட்டில் வைத்துவிட்டு, ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் ஏற்றினாள். கோபம் வந்தால் அக்கா ஏதாவது ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வது வழக்கம். சின்னவள் அக்காவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கத் துணிவில்லாமல் முன்னறைக்கு வந்தாள்.

தையல் மெஷினின் மேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தாள். திரையில் கட்டம் கட்டமாக மன்றம் வந்தது. தலைவர் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கியிருந்தார். ஒரு உறுப்பினரின் கட்டத்தில் அவருக்குப் பதிலாக மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பென்சில் ஒரு மூலையில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

ஆறு விவாதப் பொருள்கள் மளமளவென்று ஓடின. ஏழாவது, கிடங்கும் வழியும்.

"ஆட்சேபணை இல்லைன்னு பிரிவு சான்று கொடுத்திருக்கு. சரிதானேம்மா?" என்று தலைவர் கேட்டார். கேட்டுக்கொண்டே அடுத்த தாளைப் புரட்டினார்.

"சரி இல்லை சார்" என்றாள் சின்னவள்.

தாள் புரள்வது நின்றது. கட்டிலில் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவள் சொன்னாள். சொல்ல வேண்டியதில் ஒன்றைக்கூட விடவில்லை. சந்து சீல் வைக்கப்பட்டிருந்தது, அறிவிப்பு தகரத்தின் வெளிப்பக்கம் இருந்தது, அங்கே ஒட்டச் சொன்னது நான், நேரில் போகாமலே போனதாக எழுதியதும் நான், ஒட்டியவர் மேல் தப்பில்லை, பாதிக்கப்படுகிற வீடுகளில் ஒன்று என் அக்காவுடையது. பாதி சொல்லும்போதே பென்சிலின் கட்டம் கறுப்பாகிவிட்டது.

கொல்லைப்பக்கம் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. அக்கா குளியலறைக்குள் போய்த் தனியாக அழுகிறாள் என்று சின்னவள் நினைத்தாள்.

"அந்த அறிவிப்பு இப்போ எங்கே இருக்கு?" என்று மின்விசிறி கேட்டது.

"எங்க அக்கா வீட்டுக் குளியலறைக் கூரையில சார்."

யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். மின்விசிறிக்காரர் விடவில்லை. அறிவிப்பையே வீட்டுக்குள் வைத்திருப்பவர் தனக்கு அறிவிப்பு வரவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டார். கெடு முடிந்த பிறகுதான் அந்தத் தகரம் வீட்டுக்கு வந்தது என்றாள் சின்னவள். காலையில் எடுத்த படத்தைத் திரையில் காட்டினாள். சிவப்பு எழுத்து, நடுவில் தாள், தேதி.

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அவசரக்காரர்.

"போட்டோவை நம்பித்தானேம்மா இவ்வளவு தூரம் வந்திருக்கோம்? நீங்களே அக்கா வீடுன்னு சொல்றீங்க. இன்னொரு போட்டோவை வச்சு நான் ஒண்ணும் செய்ய முடியாது. எனக்கு அசல் வேணும். சிவப்பு எழுத்து மேல அந்தத் தாள் ஒட்டியிருக்கறதை என் ஆள் கண்ணால பார்க்கணும். பார்த்தா திட்டத்தைத் திருப்பி அனுப்பறேன், சந்துக்காரங்க சொல்றதைக் கேட்கறேன். நாலு மணிக்கு ஆள் வருவாங்க. அதுவரைக்கும் யாரும் அந்தத் தகரத்தைத் தொடக் கூடாது. இல்லைன்னா சாயங்காலமே உறுதி செஞ்சுடுவேன்."

பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்க விஷயம் தனியா விசாரிக்கப்படும். அடையாள அட்டையை வர்ற ஆள்கிட்டயே ஒப்படைச்சுடுங்க" என்றார்.

"சரி சார்" என்றாள் சின்னவள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, நெஞ்சில் ஒரு வாரத்துப் பாரம் இறங்கியிருந்தது. வேலை போனால் போகிறது. தாள் இருக்கிறது. கோடு இருக்கிற இடத்தில் சுவர் வராது.

அத்தான் அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பேசுவதற்கு அவரிடம் மூச்சில்லை.

அக்காவைக் கூப்பிடலாம் என்று திரும்பினாள். கூப்பிட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அக்கா நிலைப்படியைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் நனைந்திருந்தாள், உள்ளங்கை வெந்நீர் பட்டுச் சிவந்திருந்தது. ஒரு கையில் காய் நறுக்குகிற கத்தி. அதன் அலகில் வெள்ளை வெள்ளையாக ஈரத்தாளின் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"முடிஞ்சுதுடி" என்றாள் மூச்சு வாங்க. "ஒரு எழுத்து இல்லாம சுரண்டிட்டேன். உன் கையெழுத்து இனி எங்கேயும் இல்லை. அறை போனா போகட்டும், நான் பின்னாடி உட்கார்ந்து தைச்சுக்கறேன். உன்னை யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது."

சின்னவள் அந்தக் கத்தியையே பார்த்தாள். லேப்டாப்பில் தலைவர் எட்டாவது பொருளுக்குப் போயிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று நாற்பது.

அக்கா சாக்பீஸ் கோட்டின் மேல் நின்றிருந்தாள். அவள் விரல்களிலிருந்து சொட்டிய தண்ணீர் கோட்டை அங்கங்கே கரைத்துக்கொண்டிருந்தது.

"என்னடி அப்படிப் பார்க்கறே?" என்றாள். "அவங்ககிட்ட நீ என்ன சொன்னே?"